ஊசியும் கரும்பலகையும்

சீனாவின் வடமேற்கில் கான்சு என்னும் மாநிலம் உள்ளது. மஞ்சள் ஆறு அதன் தலைநகரான லான்சாவ் நகரின் ஊடே ஓடுகிறது. நகரைத் தாண்டிச் சென்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சள் மண் குன்றுகள்தாம். உழவர்கள் அக்குன்றுகளைப் படிப்படியாக வெட்டிக் கோதுமையும் உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடுகிறார்கள். மழை குறைவு, விளைச்சலும் குறைவு. சீனாவின் ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்றாகக் கான்சு நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

அந்தக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளியை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். வகுப்பறையின் நடுவில் ஒரு நிலக்கரி அடுப்பு. குளிர்காலத்தில் பிள்ளைகள் அதன் வெப்பத்தில் விரல்களைச் சூடேற்றிக்கொண்டு எழுதுவார்கள். முன்சுவரில் ஒரு கரும்பலகை. பாடநூலில் இல்லாத பயிற்சிகள், கணக்குகள், வீட்டுப்பாடம் எல்லாம் அந்தப் பலகையில்தான் எழுதப்படும். பலகையைப் படிக்க முடிந்தவர்களுக்குப் பாடம் புரியும், முடியாதவர்களுக்குப் புரியாது.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். நான்காம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்குப் பெயர் எதுவும் வைக்க வேண்டியதில்லை. ஏனெனில், அவளைப் போன்ற பிள்ளைகள் அம்மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வயதுக்கு மீறிய உயரம் என்பதால் அவளுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்திருந்தது. உயரமான பிள்ளைகள் முன்னால் அமர்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் பலகை மறைக்கும் அல்லவா? ஆசிரியர் செய்தது நியாயமான ஏற்பாடுதான். ஆனால், அந்த நியாயமே அவளுக்கு வினையாக முடிந்தது.

ஒரு நாள் ஆசிரியர் பலகையில், 38ஐ 6ஆல் பெருக்குமாறு எழுதினார். சிறுமி கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, புகை படிந்தவைபோல் தெரிந்தன. அவள் தன் ஏட்டில் 33 என்று எழுதிக்கொண்டாள். அதை 6ஆல் பெருக்கி 198 என்று விடை எழுதினாள். ஆசிரியர் எதிர்பார்த்த விடை 228. அவர் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறியிட்டுவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தார்.

அவள் பெருக்கியதில் பிழை ஏதும் இல்லை. யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு அவள் சரியாக விடை எழுதியிருந்தாள். இதை அவளும் அறியவில்லை, ஆசிரியரும் அறியவில்லை. இப்படியே நாள்தோறும் சிவப்புக் குறிகள் பெருகின. தேர்வு மதிப்பெண்கள் சரிந்தன. “கவனம் இல்லாத பிள்ளை” என்றார் ஆசிரியர். “மக்கு” என்றார்கள் உடன் படித்தவர்கள். நாளடைவில் அவளும் அதை நம்பத் தொடங்கினாள். கை உயர்த்தி விடை சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

பார்வைக் குறைபாட்டில் ஒரு விந்தை உண்டு. காலில் முள் குத்தினால் வலிக்கும். பல்லில் சொத்தை விழுந்தால் வலிக்கும். ஆனால், கண் மங்கினால் வலிப்பதில்லை. அது ஒரே நாளில் வருவதுமில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாக மங்குவதால், நேற்றைய பார்வைக்கும் இன்றைய பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. மேலும், ஒருவருடைய கண்ணால் மற்றொருவர் பார்க்க முடியாது. எனவே, எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அச்சிறுமி நினைத்துக்கொண்டாள். பலகை மங்கலாகத் தெரிகிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு இருந்த குறைபாட்டின் பெயர் கிட்டப்பார்வை. நாம் காணும் பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் கண்ணின் உள்ளே சென்று, பின்புறத்தில் உள்ள விழித்திரையில் குவிய வேண்டும். அப்போதுதான் உருவம் தெளிவாகத் தெரியும். கிட்டப்பார்வை உள்ளவர்களின் விழிக்கோளம் பெரும்பாலும் இயல்பைவிடச் சற்று நீண்டிருக்கும். அதனால், தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையை அடைவதற்கு முன்பே குவிந்துவிடுகின்றன. அருகில் உள்ளவை தெளிவாகவும் தொலைவில் உள்ளவை மங்கலாகவும் தெரிவது இதனால்தான். நடுவில் மெலிந்து ஓரங்களில் தடித்திருக்கும் குழிவில்லையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் போதும். கதிர்கள் சற்று விரிந்து சென்று, குவிய வேண்டிய இடத்தில் குவியும். இது அறுவை சிகிச்சையோ மருந்தோ தேவைப்படாத எளிய தீர்வு.

தீர்வு எளிது. ஆனால், அது அச்சிறுமியின் வீட்டுவாசலை எளிதில் எட்டவில்லை.

அவளுடைய பெற்றோர் வெகுதொலைவில் இருக்கும் ஒரு நகரத்தில் வேலை செய்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊருக்கு வருவார்கள். அவளை வளர்த்தவர் பாட்டி. இரவு உணவுக்குப் பிறகு பாட்டி கிழிந்த துணிகளைத் தைக்க உட்காருவார். ஊசியில் நூல் கோக்க அவரால் முடியாது. வயதானவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து அவருக்கும் வந்திருந்தது. அருகில் உள்ளவை எல்லாம் அவருக்கு மங்கல். உடனே பேத்தியை அழைப்பார். அவள் ஊசியைக் கண்ணருகே கொண்டுசென்று, ஒரே முயற்சியில் நூலைக் கோத்துக் கொடுத்துவிடுவாள். “என் பேத்திக்குக் கழுகுக் கண்” என்று பாட்டி அண்டை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் மருத்துவக் குழு ஒன்று பள்ளிக்கு வந்தது. சுவரில் ஓர் அட்டையை மாட்டியது. அந்த அட்டையில் ஆங்கில எழுத்தான ‘ஈ’ மட்டுமே வரிசை வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது. மூன்று பற்கள் உள்ள சீப்பைப் போன்ற அந்த வடிவம் சில இடங்களில் வலப்பக்கமாகவும், சில இடங்களில் இடப்பக்கமாகவும், மேலாகவும் கீழாகவும் திரும்பியிருந்தது. மேல்வரிசையில் பெரிதாகவும் கீழே செல்லச் செல்லச் சிறிதாகவும் இருந்தது. எழுத்தறியாதவர்களும் பற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைக் கையால் காட்டிவிடலாம். சிறுமி மேல்வரிசைகளைக் காட்டினாள். அதற்குக் கீழே அவளுடைய கை தயங்கி நின்றது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடி தேவை என்று எழுதிய கடிதம் பாட்டிக்குச் சென்றது. கண்ணாடிக்குப் பணம் தேவையில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. பாட்டி மறுத்துவிட்டார்.

அவர் பேத்தியின்மீது அன்பில்லாதவர் அல்லர். மறுப்பதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பலருடைய நம்பிக்கையும் அதுதான். சீனப் பள்ளிகளில் 1960களிலிருந்து கண்பயிற்சி ஒன்று நடந்து வருகிறது. ஒலிபெருக்கியில் இசை ஒலிக்க, பிள்ளைகள் கண்களை மூடிக்கொண்டு, கண்களைச் சுற்றியுள்ள இடங்களை விரல்களால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே கண் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் எண்ணினார்கள். பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியில் நூல் கோக்கும் பிள்ளைக்குக் கண்ணில் என்ன குறை இருக்க முடியும்?

பாட்டியின் மறுப்பு தனியொருவரின் பிடிவாதம் அன்று. ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் கான்சு மாநிலத்தின் யோங்டெங், தியான்சூ ஆகிய இரண்டு வட்டாரங்களில் 165 தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 19,000 மாணவர்கள் அதில் இடம்பெற்றார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களில் பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி தருவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளே மிகுதியாக மறுத்தார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மறுக்கிறார்களே என்று நகரத்தில் இருப்பவர்கள் வியக்கலாம். ஆனால், விலை என்பது ஒரு தடைதான். அச்சம் இன்னொரு தடை. விலையை நீக்கினாலும் அச்சம் அப்படியே இருக்கும்.

கடிதம் திரும்பி வந்ததைக் கண்ட ஆசிரியர் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்தார். அறிவுரை எதுவும் கூறவில்லை. மருத்துவக் குழு விட்டுச்சென்ற அட்டையைச் சுவரில் மாட்டினார். “பாட்டி, இந்தச் சீப்புகளின் பற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டுங்கள்” என்றார். பாட்டி அறையின் மறுகோடியில் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும், வலம், இடம், மேல், கீழ் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். சிறிய வடிவங்கள் இருந்த கீழ்வரிசைகளைக்கூட அவரால் காட்ட முடிந்தது. தொலைவில் உள்ளதைப் பார்க்கும் ஆற்றல் அவர் கண்களில் இன்னும் மிச்சம் இருந்தது.

பிறகு ஆசிரியர் சிறுமியை அதே இடத்தில் நிற்கச் சொன்னார். இரண்டு வரிசைகளுக்குப் பிறகு அவள் கை தாழ்ந்தது. “நன்றாகப் பாரடி!” என்றார் பாட்டி. அவள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். “தெரியவில்லை பாட்டி” என்றாள் மெல்லிய குரலில். பாட்டி அட்டையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டிய தம் கண்ணுக்குத் தெரிவது பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியவில்லை. அருகில் பார்ப்பது வேறு, தொலைவில் பார்ப்பது வேறு என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது. ஊசி ஒன்றைச் சொன்னது. கரும்பலகை வேறொன்றைச் சொன்னது. இரண்டும் பொய் இல்லை.

பாட்டி கடிதத்தில் கைரேகை வைத்துக் கொடுத்தார்.

கண்ணாடி வந்த நாளில் சிறுமி அதை அணிந்துகொண்டு பள்ளி வாசலில் நின்றாள். முதலில் தரை சற்றுச் சாய்ந்திருப்பதுபோல் தோன்றியது. மூக்கின்மேல் புதிய கனம் உறுத்தியது. பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள். சாலையோர மரத்தில் ஒரு பச்சைத் திட்டுக்குப் பதிலாகத் தனித்தனி இலைகள் தெரிந்தன. எதிர்க் குன்றில் வெட்டப்பட்டிருந்த படிகளை எண்ண முடிந்தது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணாடி அணியும்போது மரத்தின் இலைகளைக் கண்டு வியப்பது உலகெங்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்கு எப்போதும் இருந்த உலகம் அவர்களுக்கு அன்றுதான் வந்து சேர்கிறது.

அன்று மாலை ஆசிரியர் அவளுடைய பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். தாம் சிவப்புக் குறியிட்ட ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. 33ஐ 6ஆல் பெருக்கினால் 198. அவர் ஒருமுறை மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். சரிதான். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் அப்படியே. எண்களைத்தான் அவள் மாற்றி எழுதியிருந்தாள். கணக்கைத் தவறாகச் செய்யவில்லை. கவனம் இல்லாத பிள்ளை என்று தாம் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

கண்ணாடி அணிந்தவுடன் அவள் வகுப்பில் முதலிடம் பிடித்துவிட்டாள் என்று கதையை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால், உண்மை அப்படி நடப்பதில்லை. கண்ணாடி அன்றைய பாடத்தைக் காட்டும். சென்ற ஆண்டு தவறவிட்ட பாடத்தைத் திருப்பித் தராது. பின்னக் கணக்கு தெரிய வேண்டுமானால் வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும். வகுத்தல் நடத்தப்பட்ட மாதங்களில் அவள் மங்கலான பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனவே, அவள் சிறிது சிறிதாகத்தான் முன்னேறினாள். இழந்ததைத் தேடிப் பிடிப்பதற்கு நாள் தேவைப்பட்டது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வின்படி, ஒரு கல்வியாண்டு முழுவதும் கண்ணாடி அணிந்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. அந்த உயர்வு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் அரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்ததற்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கே பயன் கூடுதலாகக் கிடைத்தது. அரை ஆண்டுப் படிப்பைத் தருவதற்கு எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறைகள், எவ்வளவு செலவு வேண்டும்! இங்கே அதைத் தந்தவை இரண்டு வில்லைகளும் ஒரு சட்டமும்தாம்.

அடுத்ததாக 2012ஆம் ஆண்டில் கான்சுவிலும் அதன் அண்டை மாநிலமான ஷான்சியிலும் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. 252 பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் படித்த ஏறத்தாழ 20,000 பிள்ளைகளின் கண்கள் பரிசோதிக்கப்பட்டன. அவர்களுள் 3,177 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால், தேவைப்பட்டவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினரே ஏற்கெனவே அணிந்திருந்தார்கள். பள்ளிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்குக் கண்ணாடியின் அளவு எழுதிய சீட்டு மட்டும் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, கண்ணாடிக் கடையில் கொடுத்து இலவசமாகக் கண்ணாடி பெற்றுக்கொள்ளும் பற்றுச்சீட்டு கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குக் கண்ணாடியே பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

கல்வியாண்டின் இறுதியில் அனைவருக்கும் கணிதத் தேர்வு நடத்தப்பட்டது. சீட்டு மட்டும் பெற்றவர்களைவிடக் கண்ணாடி பெற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அந்த வேறுபாடு கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், குடும்பம் எவ்வளவு வசதியானது என்பவற்றால் மதிப்பெண்களில் ஏற்படும் வேறுபாட்டைக் காட்டிலும் அது பெரியதாக இருந்தது. ஒரு பிள்ளையின் பெற்றோரைப் படித்தவர்களாக மாற்ற முடியாது. அவளுடைய குடும்பத்தை ஒரே ஆண்டில் செல்வந்தர் ஆக்கவும் முடியாது. ஆனால், அவளுக்கு ஒரு கண்ணாடியைக் கொடுக்க முடியும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளுக்குச் சென்று பார்த்தபோது, இலவசக் கண்ணாடி பெற்றவர்களில் ஐவரில் ஏறக்குறைய இருவரே அதை அணிந்திருந்தார்கள். மற்றவர்களின் கண்ணாடிகள் மேசை இழுப்பறையிலும் பையிலும் வீட்டிலும் கிடந்தன. அவ்வளவு பேர் அணியாதபோதே மொத்தத்தில் மதிப்பெண்கள் உயர்ந்தன என்றால், எல்லாரும் அணிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அவர்கள் ஏன் அணியவில்லை? நம் சிறுமியைக் கேட்டால் தெரியும். கண்ணாடி அணிந்த முதல் வாரத்தில் பையன்கள் அவளை “நாலு கண்ணு” என்று கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பலகை மீண்டும் புகை மூடியதுபோல் ஆனது. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அதைக் கவனித்தார். யாரையும் அதட்டவில்லை. தம் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, வருகைப் பதிவேட்டைப் படித்தார். அதுவரை பிள்ளைகள் முன்னால் அதை அணிய அவரும் கூச்சப்பட்டிருந்தார். மறுநாளிலிருந்து சிறுமியின் கண்ணாடி பைக்குள் போகவில்லை.

ஆசிரியரின் அக்கறை எவ்வளவு பெரிய மாற்றத்தை ஏற்படுத்தும் என்பதற்கும் சான்று உண்டு. வேலை தேடி நகரத்துக்கு வந்த கிராமத்துப் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், ஷாங்ஹாய் நகரிலும் அதன் அருகிலும் ஓர் ஆய்வு நடைபெற்றது. சில பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்ததோடு, வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அதை அணிந்திருந்தால் ஆசிரியருக்குப் பரிசு என்றும் அறிவித்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு அங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் கண்ணாடி அணிந்திருந்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத பள்ளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே அணிந்திருந்தார்கள். பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர். “கண்ணாடி எங்கே?” என்று அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு அவ்வளவு வலிமை உண்டு.

கண்ணாடி கண்ணைக் கெடுக்கும் என்னும் அச்சத்தையும் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சரியான அளவில் செய்த கண்ணாடியை அணிவதால் பிள்ளைகளின் கண் கெடுவதில்லை. வளரும் வயதில் விழிக்கோளமும் வளர்வதால் கண்ணாடியின் அளவு கூடக்கூடும். கண்ணாடி அணிந்த பிறகு அது நடப்பதால், கண்ணாடியால்தான் நடந்தது என்று பெரியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். பிள்ளை வளரும்போது காலணியின் அளவும் கூடுகிறது. அதற்காகக் காலணிதான் காலை நீளமாக்கியது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

கிட்டப்பார்வை வராமல் தடுக்க வழி உண்டா? அதற்கும் சீனாவிலேயே ஒரு விடை கிடைத்தது. தென்சீனாவின் குவாங்சோ நகரில் 2010ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு வரை 12 தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் ஆறு பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வகுப்பறைக்கு வெளியே நேரத்தைச் செலவிட்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பிறகு அப்பிள்ளைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற பள்ளிகளில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. திறந்தவெளியில் கிடைக்கும் பகலொளி கண்ணுக்கு நல்லது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. ஆனால், தடுப்பு வேறு, திருத்தம் வேறு. ஏற்கெனவே மங்கிவிட்ட கண்ணுக்கு விளையாட்டுத் திடல் மட்டும் போதாது, கண்ணாடியும் வேண்டும்.

நகரத்தில் வாழும் மாணவர்களுக்கு இக்கதை தொலைவில் நடப்பதுபோல் தோன்றலாம். சிங்கப்பூரில் மாணவர்களின் பார்வையைப் பள்ளியிலேயே பரிசோதிக்கிறார்கள். கண்ணாடிக் கடை ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாரும் ஊராரின் அச்சத்தை எதிர்த்து அதை அணிய வேண்டியிருந்திருக்காது. நமக்கு இயல்பாகக் கிடைத்துவிட்ட ஒன்று, வேறொரு பிள்ளைக்குப் பல தடைகளைக் கடந்து வர வேண்டிய ஒன்றாக இருக்கிறது.

எண்ணையும் எழுத்தையும் மனிதருக்கு இரு கண்களாகக் கூறினார் வள்ளுவர். கல்வி என்னும் கண் திறக்க வேண்டுமானால், முகத்தில் உள்ள கண்ணுக்கு முதலில் பலகை தெரிய வேண்டும். ஒரு பிள்ளை பிழையாக எழுதும்போது, “ஏன் கவனிக்கவில்லை?” என்று கேட்பது எளிது. “உனக்குப் பலகை தெரிகிறதா?” என்று கேட்பதும் அதே அளவுக்கு எளிதுதான். முதல் கேள்வி பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறது. இரண்டாம் கேள்வி அவளைத் தலைநிமிர்ந்து பார்க்க வைக்கிறது.

கான்சுவின் அந்தச் சிற்றூரில் இரவு வந்துவிட்டது. பாட்டி துணி தைக்க உட்காருகிறார். சிறுமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, ஊசியைக் கண்ணருகே கொண்டுசெல்கிறாள். ஒரே முயற்சியில் நூல் உள்ளே செல்கிறது. பாட்டி தைத்து முடிப்பது ஒரு சிறிய துணிப்பை. கண்ணாடியை வைத்துக்கொள்வதற்காக, பேத்திக்கு.